எத்தனையாவது முறை

ஓடைமுனைக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொன்னால் மற்ற பாதைகளுக்குக் கோபம் வரும். பன்னிரண்டு கிலோமீட்டர் உவர்மண், நடுவில் மூன்று இடங்களில் ஓடை. மழை பெய்தால் ஊரே தீவாகிவிடும். மருந்து வண்டி செவ்வாய்க்கிழமைதோறும் அதில் விழுந்து எழுந்து வந்து சேர மணி பத்தாகும். அதற்குள் நர்ஸ் அமலோற்பவத்தின் இடுப்பு நாலு தடவை விண்ணென்று தெறித்து அடங்கியிருக்கும்.

வண்டி நின்றதும் அவள் செய்யும் முதல் வேலை உடுப்புப் பையிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுப்பது. நகத்தால் ஒரு மாத்திரையை இரண்டாக உடைத்துப் பாதியைத் தண்ணீர் இல்லாமல் விழுங்குவாள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்து, முறையாகக் கடையில் வாங்கிய மாத்திரை. இரண்டு வருடம் முன்பு இதே பாதையில் வண்டி பள்ளத்தில் இறங்கியதில் வந்த இடுப்பு வலிக்கு அது. காலையில் பாதி, மதியம் பாதி, படுக்கப்போகுமுன் பாதி. முழு மாத்திரை போடுகிறவள் இல்லை என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அன்றும் அப்படித்தான் விழுங்கிவிட்டுக் கதவைத் திறந்தாள். வெளியே வரிசை தயாராக இருந்தது. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டு நம்புத்தாய் நின்றாள். முப்பத்துநாலு வயது, கடலில் முங்கிப் பாசி எடுக்கிற வேலை. பாறை கிழிக்காமலிருக்க விரல்களில் சுற்றிய துணிக்கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை. மூன்று வருடமாக மாத்திரையைத் தொடாதவள். வண்டி வந்த நாளெல்லாம் கூலி எதுவும் கேட்காமல் கூடமாட நின்று உதவுவாள். படித்தது எட்டாம் வகுப்புதான். ஆனால் வண்டிக்குள் இருக்கும் திரையை அமலோற்பவத்தைவிட வேகமாகத் தட்டுவாள்.

“என்னாக்கா, வந்ததும் வராததுமா கொட்டாவி விடுறிய?” என்றாள் நம்புத்தாய்.

“இந்த ரோட்டுல வந்து பாரு, ஒனக்கும் வரும். கண்ணு மூக்கெல்லாம் தண்ணியா ஊத்துது. ஒங்க ஊரு காத்து அப்படி.”

நம்புத்தாய் அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு வரிசையின் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த ஊரில் மாத்திரைப் பழக்கம் வந்த கதை சிறியது. சங்கு குளிக்கிறவர்களுக்கு மூட்டு மூட்டாக வலிக்கும். பாசி எடுக்கிற பெண்களுக்கு முதுகு விட்டுப்போகும். வலிக்கு யாரோ டவுனிலிருந்து ஒரு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தான். அதற்குப் ‘பட்டாணி’ என்று பெயர் வைத்தார்கள். முதலில் வலிக்குப் போட்டார்கள். பிறகு போடாவிட்டால் வலித்தது. பத்தே வருடத்தில் பதினெட்டு வீட்டில் பதினாறு வீட்டுக்குள் பட்டாணி புகுந்துவிட்டது.

அதற்கு மருந்தாக வந்ததுதான் வில்லை. சட்டைப் பொத்தான் அளவு இருக்கும். புஜத்தில் ஒட்டிக்கொள்ள வேண்டும். உள்ளே முடியைவிட மெல்லிய ஊசிகள். வியர்வையையும் நாடியையும் பார்த்து, இந்த உடம்பு எவ்வளவு தவிக்கிறது என்று ஒரு எண் சொல்லும். அதற்குத் தவிப்பு எண் என்று பெயர். இருபதுக்குக் கீழே பச்சை, ஐம்பதுவரை மஞ்சள், அதற்கு மேல் சிவப்பு. எண்ணுக்குத் தக்கபடி வில்லையே மருந்தையும் சொட்டுச் சொட்டாக உள்ளே விடும். டவுன் ஆஸ்பத்திரியில் தினமும் வரிசையில் நின்று அவமானப்பட்ட காலம் அதோடு போயிற்று.

வண்டி எங்கே நின்றாலும் எண் அதற்குப் போகும்; அங்கிருந்து மேலே போகும். எந்த வண்டி எந்த ஊருக்குப் போக வேண்டும் என்பதை அந்த எண்களைக் கூட்டிப் பார்த்து ‘வழிகாட்டி’ என்ற இயந்திர மூளை முடிவு செய்யும். கலெக்டர் சொன்னார், கவுன்சிலர் சொன்னார் என்ற பேச்சே கிடையாது. அதிகம் தவிக்கிற ஊருக்கு முதலில் வண்டி. இதைவிட நியாயம் இருக்க முடியுமா என்று எல்லோரும் மெச்சினார்கள். அமலோற்பவமும் மெச்சியவள்தான்.

அன்றைக்கு வரிசையில் ஒரே ஒரு சிவப்பு. களஞ்சியம். சங்கு குளிக்கிறவன், நாற்பத்தொரு வயது, தோளும் கழுத்தும் தேக்கு மாதிரி இருக்கும். இரண்டு வருடம் பச்சையிலேயே இருந்தவன். ஸ்டூலில் வந்து உட்கார்ந்தவன் அவள் முகத்தைப் பார்க்காமல் கடலைப் பார்த்தான்.

“ஏய்யா களஞ்சியம், ஒனக்கு என்ன கேடு வந்துச்சு? நல்லாத்தான இருந்த?” அமலோற்பவத்துக்கு உண்மையிலேயே நெஞ்சு பொறுக்கவில்லை.

“போட்டுட்டேன் நர்ஸம்மா. வைத்தியம் பாருங்க.”

திரையில் படிவம் வந்தது. ஆறாவது கேள்வியை வழக்கம்போல் வாசித்தாள். “எத்தனையாவது முறை?”

“ஆறு.”

“என்னது?”

“ஆறாவது முறை நர்ஸம்மா.” களஞ்சியம் தயங்காமல் சொன்னான்.

“அடப்பாவி! அப்ப எனக்குத் தெரியாம அஞ்சு தடவ போட்டுட்டு பச்சைன்னு சிரிச்சிட்டு நின்னியா?”

அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வெளியே நின்ற நம்புத்தாய் தொண்டையைச் செருமினாள். களஞ்சியம் வாயை மூடிக்கொண்டான்.

ஆறு என்று பதிந்தாள். அடிக்கடி சறுக்கும் உடம்புக்கு மருந்து வலுவாக வேண்டும் என்பது கணக்கு. திரை புதிய அளவைக் காட்டி, சம்மதமா என்று கேட்டது. அமலோற்பவம் கோபத்தோடு சம்மதம் என்று தட்டினாள்.

அடுத்த செவ்வாய் வண்டி ஊருக்குள் நுழையும்போதே கடற்கரையில் கூச்சல் கேட்டது. கரைவலை இழுத்துக்கொண்டிருந்த கூட்டம் கயிற்றை விட்டுவிட்டு ஒரே இடத்தில் குவிந்திருந்தது. டிரைவர் காஜா வண்டியை மணலிலேயே இறக்கினார். கூட்டத்தின் நடுவில் களஞ்சியம் மல்லாந்து கிடந்தான். இடுப்பில் வலைக்கயிறு சுற்றியபடி இருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை.

“தள்ளுங்க! காத்து வரட்டும்!” அமலோற்பவம் முழங்கால் போட்டு உட்கார்ந்தாள். முதல் வேலையாக அவன் புஜத்திலிருந்த வில்லையைப் பிய்த்தெறிந்தாள். மூக்கில் முறிவு மருந்தை ஒரு பீய்ச்சு பீய்ச்சினாள். ஒன்றும் ஆகவில்லை. இன்னொன்று. காஜா அவன் தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கலிமாவைச் சொல்கிறாரா, வண்டிச் சாவியைத் தேடுகிறாரா என்று தெரியாமல் அவர் உதடு அசைந்தது. மூன்றாவது பீய்ச்சில் களஞ்சியம் பெரிதாக ஒரு மூச்சை இழுத்து, கண்ணைத் திறந்து, உடனே வாந்தி எடுத்தான். சுற்றி நின்ற பெண்கள் ஓவென்று அழுதார்கள்.

அரைமணி கழித்து வண்டிக்குள் படுக்க வைத்து அவனைத் திட்டத் தொடங்கினாள். திட்டு என்றால் தூத்துக்குடித் திட்டு.

“ஆறு தடவ சறுக்குன ஒடம்புலே இது! மருந்தும் ஓடுது, மேல பட்டாணியும் போட்டா செத்துல்லா போவ!”

“எனக்கு எங்க ஆறு தடவ?” களஞ்சியம் எரிச்சலோடு முனகினான். “விட்டதுக்கப்புறம் இது ஒரு தடவதான் போட்டேன்.”

“நீதான சொன்ன, ஆறாவது முறைன்னு?”

“ஆமா. ஆறாம் வீட்டு முறை. அதத்தானே கேட்டிய?”

அமலோற்பவத்துக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு கதவுக்கு வெளியே தெரிந்த கரைவலைக் கயிற்றைப் பார்த்தாள். இந்த ஊரில் கரைவலை போடுவது முறை வைத்துத்தான் என்று அவளுக்குத் தெரியும். வடக்கு முனையிலிருந்து தெற்கே எண்ணினால் பதினெட்டு வீடு. இன்று முதல் வீட்டு முறை என்றால் அடுத்தது இரண்டாம் வீட்டு முறை. சண்டை சச்சரவு எதுவும் அந்த வரிசையைக் கலைக்காது.

திரையை இழுத்துப் பழைய பதிவுகளைப் புரட்டினாள். ஒரு வருடத்தில் ஓடைமுனையில் வந்த சிவப்புகள் மொத்தம் ஆறு. இரண்டு மாதத்துக்கு ஒன்று, பிசகாமல். ஆறும் ஆறு வெவ்வேறு ஆட்கள். எத்தனையாவது முறை என்ற கேள்விக்கு எதிரே அவள் கைப்பட ஏற்றிய பதில்கள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு. எண் ஏற ஏற மருந்தின் அளவும் ஏறியிருந்தது. ஐந்தாவதாக வந்த பெண் ஒரு மாதம் முழுக்கத் தூங்கி வழிந்தது இப்போது ஞாபகத்துக்கு வந்தது. வெயிலாக இருக்கும் என்று சொல்லி உப்புக்கரைசல் கொடுத்து அனுப்பியிருந்தாள்.

“நம்புத்தாயி, உள்ள வா,” என்றாள். குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

நம்புத்தாய் வந்து கதவைச் சாத்தினாள்.

“எவ்வளவு நாளா நடக்குது இது?”

“ஒங்களுக்கு ஞாபகம் இருக்காக்கா? போன வருசத்துக்கு முந்தி, ஊரே பச்சையாச்சுல்ல. இனிப்பெல்லாம் குடுத்திய. அடுத்த வாரம் வண்டி வரல.”

அமலோற்பவத்துக்கு அது நன்றாக நினைவிருந்தது. வெற்றி பெற்ற ஊர் என்று சொல்லி வழிகாட்டி ஓடைமுனையைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. வருகிற மருந்தைப் படகில் கொண்டுவந்து போடுவதாக ஏற்பாடு. படகு இரண்டு தடவை வந்ததோடு சரி.

“அஞ்சு மாசம்க்கா. பிரசரு மாத்திரை கெடையாது. புள்ளைக்கு ஊசி கெடையாது. எந்தங்கச்சி பாண்டியம்மாவுக்கு வலி கண்டப்ப ஜீப்பு ரெண்டாவது ஓடையில நின்னுபோச்சு. அங்கயே போய்ட்டா. புள்ளையும் போச்சு. இந்த ஊருக்கு வர்ற ஒரே நர்ஸு நீங்கதான்க்கா.”

“அதுக்கு?”

“அந்தத் துக்கத்துல மொத வீட்டு மச்சான் பட்டாணி போட்டாரு. மூணாம் நாளு வண்டி வந்து நின்னுச்சு. எல்லாரும் பாத்தோம். ஊர் கூடிப் பேசினோம். ஒருத்தன் செவப்புல இருந்தா பதினெட்டு வீட்டுக்கும் வண்டி வரும். அதையும் ஒருத்தன் தலையில கட்டுறது பாவம்ல. அதான் முறை வச்சுக்கிட்டோம். ரெண்டு மாசம் ஒரு வீடு. அப்புறம் நீங்க வைத்தியம் பாத்து இழுத்துருவிய. அடுத்த வீடு.”

எவ்வளவு நிதானமாகச் சொல்லிவிட்டாள்! பிள்ளை குட்டிகளைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவிட முறை வைத்துக்கொண்டது போல. அமலோற்பவத்துக்கு அழுகை முட்டியது, கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

“களஞ்சியம் வில்லையக் கழட்டியாச்சு,” என்றாள். “திரும்ப ஒட்ட மாட்டேன். இந்த நெலையில இனி மருந்து ஏறுனா செத்துருவான். இப்ப ஊருல செவப்பே இல்ல.”

“தெரியும்க்கா. வார செவ்வாய்க்கு வழிகாட்டி கணக்குப் பாக்கும். அதுக்குள்ள ஏழாம் வீடு போட்டுறணும்.”

ஏழாம் வீடு யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. வேப்பமரம் நிற்கிற வீடு. நம்புத்தாயும் நாலாம் வகுப்பு படிக்கிற அவள் மகளும் மட்டும் இருக்கிற வீடு.

பதிவில் களஞ்சியத்தின் பெயருக்கு எதிரே ‘வில்லை ஒவ்வாமை’ என்று எழுதினாள் அமலோற்பவம். இருபத்திரண்டு வருட வேலையில் அவள் எழுதிய முதல் பொய் அது.

டாக்டர் இளம்பரிதி மாவட்டத் தலைமை அலுவலகத்தில் இருக்கிறவர். வழிகாட்டியை உருவாக்கிய குழுவில் ஒருவர். கெட்டவர் இல்லை, மூன்று வருடமாக நேரத்துக்குச் சாப்பிடாதவர். வியாழக்கிழமை மதியம் அவரைத் திரையில் பிடித்தாள்.

“டாக்டர், ஒரு ஊருல எல்லாரும் நல்லா ஆயிட்டா வண்டிய நிறுத்துறது சரியா?”

“அது வெற்றி சிஸ்டர். அதுக்குத்தானே இவ்ளோ பாடுபடுறோம்.”

“வெற்றி பெத்த ஊருக்குப் பிரசவம் யாரு பாப்பா?”

“அது நம்ம திட்டத்துல இல்லையே. நம்ம வேலை போதை சிகிச்சை.”

“வண்டியில நாந்தான இருக்கேன். என்கிட்ட ரெண்டு கை இருக்கு.”

இளம்பரிதி கண்ணாடியைக் கழற்றி மூக்கைத் தேய்த்துக்கொண்டார். “சிஸ்டர், என்கிட்ட பதினோரு வண்டி. நானூத்தி முப்பது ஊர். பச்சையான ஊருக்கு ஒரு வண்டி போச்சுன்னா, சிவப்பான ஊர்ல அன்னிக்கு ஒருத்தர் சாகுறார். நான் சும்மா சொல்லல, பேரோட தர முடியும். சரி, நீங்க சொல்ற ஊருக்கு வண்டி விடுறேன். எந்த ஊரை வெட்டட்டும்? நீங்களே சொல்லுங்க.”

அவள் மனதுக்குள் நாலைந்து ஊர்களின் பெயர் வந்தது. ஒவ்வொரு பெயரோடும் ஒரு முகம் வந்தது.

“சரி, வண்டி வரணும்னே யாராவது மாத்திரை போட்டுச் செவப்பானா?”

இளம்பரிதி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். “அப்படி எங்கயாவது நடக்குதா?”

“சும்மா கேக்கேன்.”

“நடந்தா அந்த ஊர் பதிவையே மொத்தமா ரத்து பண்ணணும். விதி அப்படி. எழுதினது நான் இல்ல.” அவர் குரலைத் தாழ்த்தினார். “தயவுசெஞ்சு என்கிட்ட எதையும் சொல்லிடாதீங்க சிஸ்டர்.”

அழைப்பை முடித்த பிறகு அமலோற்பவம் தகர டப்பாவைத் திறந்தாள். பாதி போட்டாள். இடுப்பு அடங்கவில்லை. மனசுதான் அடங்கவில்லை என்று தெரிந்தும், மீதிப் பாதியையும் போட்டுக்கொண்டாள். அன்று நாள் அப்படி என்று தனக்குத்தானே சமாதானமும் சொல்லிக்கொண்டாள்.

செவ்வாய்க்கிழமை வந்தது. அன்று காலை மாத்திரையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்; வழியெல்லாம் என்ன பேசுவது என்பதிலேயே புத்தி இருந்தது. ஊர் எல்லையைத் தாண்டும்போது கையில் மயிர்க்கூச்செறிந்தது. ஏசியைக் குறைக்கச் சொன்னாள். “ஏசி போடவே இல்லையே சிஸ்டர்,” என்றார் காஜா.

கடற்கரையில் நம்புத்தாய் தயாராக நின்றாள். பாசிக்குப் போகவில்லை, ஆனாலும் விரலில் துணிக்கட்டு இருந்தது. வண்டிக்குள் ஏறி, கதவைச் சாத்தி, ஆள்காட்டி விரலின் கட்டை அவிழ்த்தாள். உள்ளே மூன்று பட்டாணி.

“ஒங்க முன்னாடியே போடலாம்னுதான் வச்சிருந்தேன். கூட ஆளிருந்தா பயம் இருக்காதுல்ல.”

“மூணு வருசம்டி,” என்றாள் அமலோற்பவம். “மொத ஆறு நாள் எப்படிக் கெடந்தன்னு மறந்துட்டியா? இந்த ஸ்டூல்லதான நான் ஒன்னப் புடிச்சிட்டு உக்காந்திருந்தேன்?”

“மறக்கலக்கா.” நம்புத்தாய் பட்டாணிகளை உள்ளங்கையில் கொட்டிக்கொண்டாள். “எதையுமே மறக்கல. அந்தக் கிறக்கத்துல எம்மகள ரெண்டு நாளு பட்டினி போட்டுட்டு நான் உள்ள கெடந்தேன். அது பக்கத்து வீட்டுல போயி சோறு கேக்கல. ‘அம்மாவுக்குத் தெரிஞ்சா வையும்’னு சொல்லுச்சாம். அத எப்படி மறப்பேன்?”

“அப்ப எதுக்குடி?”

“பாண்டியம்மா செத்த ஓடையத் தாண்டித்தான வாரிய? அங்க இன்னொருத்தி நிக்கக் கூடாதுன்னுதான். இப்ப ஊருல ரெண்டு பேரு முழுகாம இருக்காளுக. ஆறு வீடு போட்டாக. அவுகளுக்கு மட்டும் புள்ள இல்லையா? என் முறை வர்றப்ப மட்டும் கதவச் சாத்தவா?”

அமலோற்பவம் சன்னல் வழியாக வெளியே பார்த்தாள். எட்டாம் வீட்டு உமையணன் படகின் நிழலில் உட்கார்ந்து வண்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். இன்று ஏழாவது தொடங்கினால் தனக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று எண்ணிக்கொண்டிருப்பான், பாவம்.

“கரைவலைக்கு ஒரு வீட்டுக்காரன் வர முடியலன்னா என்ன செய்வீக? காய்ச்சல், சாவு, ஏதாச்சும்?”

“மாத்து முறை உண்டு. கூடப் பொறந்தவுக வந்து இழுக்கலாம். வேற யாரும் முடியாது. எனக்குத்தான் கூடப் பொறந்தவ போய்ட்டாளே.”

“நான் ஒனக்கு என்ன முறை வேணும்?”

“இது என்ன கேள்வி? அக்கா முறைதான்.”

“அப்ப எடத்த விடு.”

நம்புத்தாய் புரியாமல் பார்த்தாள். புரிந்ததும் சிரிப்புப் போல ஏதோ வந்து, பாதியிலேயே அழுகையாகிவிட்டது. “வேண்டாம்க்கா. வெளயாடாதிய. நீங்க போட்டா எங்கள யாரு இழுப்பா?”

“நானே என்னை இழுத்துக்குவேன். மருந்தும் என்கிட்ட இருக்கு, அளவும் தெரியும். ரெண்டே மாசம். இருவத்திரண்டு வருசமா இதே தொழிலு பாக்கேன், எனக்குத் தெரியாதா?” வில்லை எந்த ஊரில் ஒட்டப்படுகிறதோ அந்த ஊர்க் கணக்கில்தான் எண் சேரும் என்பதும் அவளுக்குத் தெரியும். அலைந்து பிழைக்கிறவர்களுக்காக வைத்த விதி அது. நம்புத்தாயின் உள்ளங்கையிலிருந்து மூன்று பட்டாணிகளையும் பிடுங்கித் தன் கைக்குள் மூடிக்கொண்டாள்.

காஜா முன் இருக்கையிலிருந்து திரும்பி, “சிஸ்டர்…” என்றார். இஞ்சினை அணைத்தார்.

எதையும் ஒழுங்காகச் செய்து பழகியவள். முதலில் வில்லை ஒட்ட வேண்டும். சுத்தமான உடம்பின் பச்சை எண் பதிய வேண்டும். பிறகுதான் மாத்திரை. அமலோற்பவம் நோயாளிகள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். அதற்கு ஒரு கால் குட்டை என்பது இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. ஆடிக்கொண்டே புஜத்தைத் துடைத்து வில்லையை ஒட்டினாள். எறும்பு கடித்தது போல ஒரு சுருக்.

எண் வர பத்து நிமிடம் ஆகும். மூவரும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யாரோ வலைக்கயிற்றைச் சுருட்டுகிற சத்தம் கேட்டது.

பன்னிரண்டு என்று வந்தது. பச்சை.

“பாத்தியா,” என்றாள் அமலோற்பவம். தண்ணீர் பாட்டிலுக்குக் கை நீட்டினாள்.

முப்பத்தொன்று. மஞ்சள்.

“சூடு புடிக்க நேரமாவும். மொதல்ல கொஞ்சம் ஆடும்.” இதையும் அவள்தான் சொன்னாள். பாட்டில் மூடியைத் திறக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஐம்பத்தெட்டு. திரையின் ஓரம் சிவந்தது. எண் நிற்கவில்லை. எழுபத்தொன்றில் வந்துதான் நின்றது. களஞ்சியத்துக்கு அறுபத்துநான்கு இருந்தது என்று அவளுக்கு ஞாபகம் இருந்தது. பட்டாணி மூன்றும் இன்னும் அவள் கைக்குள்தான் இருந்தன. காலையில் போடாமல் விட்டது தகர டப்பாவின் அந்தப் பாதி மாத்திரை மட்டும்தான். வியர்வையில் அவற்றின் மாவு கரைந்து உள்ளங்கை பிசுபிசுத்தது.

சத்தமில்லாமல் வழிகாட்டி தன் வேலையைச் செய்தது. ‘ஓடைமுனை. அடுத்த வருகை: செவ்வாய்’ என்று திரையின் மேலே ஒரு வரி ஓடியது.

“ஆச்சா?” என்று வெளியிலிருந்து உமையணன் கேட்டான்.

“ஆச்சு,” என்றார் காஜா.

அமலோற்பவம் நம்புத்தாயைப் பார்த்தாள். அந்த முகத்தில் ஆச்சரியம் இல்லை. கொட்டாவியையும் மூக்கில் வழிகிற தண்ணீரையும் மூன்று வருடம் முன்பு தன் உடம்பிலேயே பார்த்தவள் அவள். எத்தனை செவ்வாய்க்கிழமை பார்த்துக்கொண்டே நின்றிருப்பாள்? கேட்டிருந்தால் நாம் ஒத்துக்கொண்டிருப்போமா? சீட்டு இருக்கிறது, கடையில் வாங்கியது, பாதிதான் போடுகிறேன் என்று அடுக்கியிருப்போம். வண்டியில் ஏறி இந்த ஸ்டூலில் உட்காரும் ஒவ்வொருவரும் அதையேதான் அடுக்குவார்கள். அமலோற்பவத்துக்கு வெட்கமாக இருந்தது. அதைவிட பயமாக இருந்தது.

நம்புத்தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மேசையைச் சுற்றி வந்து நர்ஸின் நாற்காலியில் உட்கார்ந்தாள். விரல்கட்டு இல்லாத விரலால் திரையைத் தட்டிப் படிவத்தைத் திறந்தாள். பெயர் கேட்கவில்லை, வயது கேட்கவில்லை. அதெல்லாம் அவளுக்கே தெரியும். ஆறாவது கேள்வியில் நின்றாள்.

“எத்தனையாவது முறைக்கா?”

ஏழு என்று சொல்லத்தான் அமலோற்பவம் வாயெடுத்தாள். ஸ்டூல் ஆடியது.

“மொதல் முறை,” என்றாள்.

நம்புத்தாய் ஒன்று என்று பதிந்துவிட்டுக் கையை நீட்டினாள். அமலோற்பவம் விரல்களைப் பிரித்து மூன்று பட்டாணிகளையும் அதில் போட்டாள். நம்புத்தாய் அவற்றை மேசைமேல் வைத்துவிட்டு, மறுபடி கையை நீட்டினாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அமலோற்பவத்துக்கு விளங்கியது. உடுப்புப் பையிலிருந்து தகர டப்பாவை எடுத்து அந்தக் கையில் வைத்தாள்.